இடப்பக்கக் கோல்கள்

ஒரே படகு, ஒரே தூண்டில், ஒரே நீளத்துக்கு விட்ட நைலான் நரம்பு. அப்படியிருந்தும் பெரிய கிராப்பி மீன்கள் இடப்பக்கக் கோல்களில் மட்டும் ஏன் கடிக்கின்றன என்பது டெல்ஃபின் ஸ்டோக்ஸுக்கு மூன்று நாளாகப் பிடிபடவில்லை.

படகின் பின்பக்கம் ஆறு தூண்டில் கோல்கள் விசிறிபோல விரிந்திருந்தன. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. வெளியே இருப்பது பதினாறடி, நடுவில் பன்னிரண்டு, உள்ளே எட்டு. ஒவ்வொன்றிலிருந்தும் அறுபதடி நரம்பு தண்ணீரில் இழுபட்டு வந்தது. அதன் நுனியில், ஈயத்தலையும் ரப்பர் வாலும் உள்ள சின்னத் தூண்டில். முக்கால் பவுண்டுச் சில்லறை மீன்கள் ஆறு கோலிலும் பாகுபாடில்லாமல் விழுந்தன. ஒன்றரைப் பவுண்டைத் தாண்டியதெல்லாம் இடப்பக்கம்தான், அதிலும் பெரும்பாலும் அந்தப் பதினாறடிக் கோலில்.

"மீனுக்கு என் கைராசி தெரியுதுடி," என்றாள் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒவீட்டா. அவள் டெல்ஃபினின் சித்தப்பா மகள். ஆறு வருடமாக இருவரும் ஒரே படகில் போட்டிக்கு வருகிறார்கள்.

"கையா? கோல் தாங்கியில நிக்குது. உன் கையில இருக்கிறது சாசேஜ் பிஸ்கட்டு."

அன்று சனிக்கிழமை, மீன்பிடிச் சங்கத்தின் மூன்றாவது, கடைசிப் போட்டி. மூன்று போட்டியின் எடையையும் கூட்டி, முதலில் வரும் ஒரே ஒரு படகைத்தான் அக்டோபரில் மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். ஆறு வருடமும் டெல்ஃபினின் படகுக்கு இரண்டாமிடம். முன்னால் நிற்பது ஹார்லன் டீக்கும் அவன் தம்பியும். இன்று டீக் சகோதரர்கள் வழக்கம்போலப் பிடித்தாலும் அவர்களை முந்த, ஒரு படகு தராசில் வைக்கக்கூடிய ஏழு மீனும் சேர்ந்து பதினொன்றரைப் பவுண்டு வர வேண்டும். மணி பதினொன்று. படகின் தண்ணீர்த் தொட்டியில் ஏழு மீன் இருந்தது, எடை எட்டைத் தொடவில்லை. இரண்டு மணிக்குத் தராசு.

கரையில் டாக்வுட் மரங்கள் இன்னும் மொட்டு விடவில்லை. தண்ணீர் ஐம்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். முட்டை சுமக்கும் பெண் மீன்கள் முட்டையிடக் கரையோரத்துக்கு வரும் முன், ஓடை ஏரியில் சேரும் வாயில் நடுத்தண்ணீரில் காத்திருக்கும் நாட்கள் இவை. பெரியவை இங்கேதான் இருக்கின்றன என்பதில் டெல்ஃபினுக்குச் சந்தேகமில்லை. அவளுக்குத் தெரியாதது, இடப்பக்கம் ஏன் என்பதுதான்.

வியாழக்கிழமை இரண்டு பக்கத் தூண்டில்களையும் நிறத்தோடு மாற்றிப் பார்த்தாள். இடப்பக்கமே கடித்தது. வெள்ளிக்கிழமை ஒவீட்டாவோடு இடம் மாறி உட்கார்ந்தாள். அப்போதும் இடப்பக்கமே. ("கைராசி இருக்கையில ஒட்டிக்கிச்சு போல," என்றாள் ஒவீட்டா.) ஓடை வாயில் படகுகள் திரும்பி வளையும் முனையில்தான் பெரியவை கடிக்கின்றன என்று கவனித்ததும், மீன் அந்த இடத்தில் குவிந்திருக்கிறது என நினைத்தாள். இன்று காலை அதே இடத்தை நேர்க்கோட்டில் நான்கு முறை கடந்தாள். கிடைத்ததெல்லாம் பொடி மீன்.

"தூண்டிலை மாத்தியாச்சு, ஆளை மாத்தியாச்சு, இடத்தையும் சோதிச்சாச்சு. மாத்தாதது ஒண்ணே ஒண்ணு," என்றாள் டெல்ஃபின்.

"என்னது?"

"திரும்புற பக்கம்."

ஒவீட்டா பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "வேணாம்டி."

ஓடை வாயில் எல்லாப் படகும் இடப்பக்கமாகவே சுற்றும். யார் தொடங்கிய வழக்கமோ தெரியாது. ஆனால் இரு பக்கமும் பதினாறடிக் கோல் நீட்டிய படகுகள் எதிரும் புதிருமாக வந்தால் நரம்பெல்லாம் சிக்கிக்கொள்ளும் என்பதால் எவரும் மீறுவதில்லை. டெல்ஃபின் பின்னால் பார்த்தாள். டீக் சகோதரர்களின் படகு நூறடி தள்ளி வந்தது. அவள் வலப்பக்கம் வளைத்தாள்.

"மிஸ் டெல்ஃபின்!" ஹார்லனின் குரல் தண்ணீரில் பாய்ந்து வந்தது. "தலை சுத்துதா உங்களுக்கு? இந்தப் பக்கம் திரும்புறதுதான் முறை!"

"எழுதி வச்சிருக்கா, ஹார்லன்? ஒரு நிமிஷம் கோலைத் தூக்கிப் பிடி!"

"தூக்குப்பா, தூக்கு," என்று ஒவீட்டாவும் கத்தினாள். "நான் சொன்னா இவ கேக்க மாட்டா!"

ஹார்லன் முணுமுணுத்துக்கொண்டே கோல்களைத் தூக்கினான். படகு பாதி வளைந்திருந்தபோது வலப்பக்கப் பதினாறடிக் கோல் வில்லாக வளைந்து தண்ணீரைத் தொட்டது. ஒவீட்டா வலையை நீட்டி அள்ளினாள். வயிறு பருத்த பெண் மீன், இரண்டு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

டெல்ஃபின் மீனைப் பார்க்கவில்லை. நரம்புகள் தண்ணீரில் இறங்கும் சாய்வைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவின் வெளிப்பக்க நரம்புகள் விறைத்து நின்றன. உட்பக்க நரம்புகள் தொய்ந்திருந்தன. இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வளைவில் வெளிச்சக்கரம் ஓடும், உட்சக்கரம் ஊரும். தூண்டிலும் அப்படித்தான். ஊர்ந்தால் ஈயம் அதைக் கீழே இறக்கும். வளைவின் மையத்துக்கு மிக அருகே நிற்பது, திரும்பும் பக்கத்துப் பதினாறடிக் கோலின் தூண்டில். அதுதான் எல்லாவற்றையும்விட மெதுவாகப் போகும், ஆழமாக இறங்கும்.

அப்படியானால் வளையவே வேண்டாம். படகை நேராக்கி, முன்பக்க மின்மோட்டாரின் வேகத்தைக் குறைத்தாள்.

"நின்னே போயிடுவோம் போலிருக்கே," என்றாள் ஒவீட்டா.

"வாயை மூடிட்டு வலையை எடு."

முதல் ஓட்டத்திலேயே நான்கு கோல்கள் வளைந்தன. இரண்டு இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம். ஒன்றரை மணிக்குள் தொட்டியிலிருந்த சிறுசுகளையெல்லாம் ஏரிக்கே திருப்பி விட்டிருந்தார்கள்.

சங்கத் தராசு பன்னிரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ் காட்டியது. டீக் சகோதரர்களுக்கு ஒன்பதே கால். மூன்று போட்டியையும் கூட்டிப் பலகையில் எழுதியபோது டெல்ஃபினின் படகு முதலில் இருந்தது. ஒவீட்டா யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள்.

ஹார்லன் தொப்பியைக் கழற்றியபடி வந்தான். "அக்டோபர் உங்களுக்குத்தான், மிஸ் டெல்ஃபின். இனியாவது சொல்லுங்க. வலப்பக்கம் திரும்பினா பெருசு கடிக்குமா?"

"எந்தப் பக்கமும் திரும்ப வேணாம். நேராவே போ. பெருசெல்லாம் சிறுசுக்கு ரெண்டு அடி கீழ நிக்குது. நரம்பு அதே அறுபதடி இருக்கட்டும், ஈயத்தையும் மாத்தாத. மணிக்கு ஒரு மைல் வேகத்துல போறதை முக்கால் மைலுக்குக் குறை. தூண்டில் தானா அந்த ரெண்டு அடி இறங்கிடும்."