கேட்க மட்டும் முடிந்த பெட்டி

பதுளை பஸார் வீதியில் என் தையல் கடைக்கும் மர்ஸூக்கின் ரேடியோ திருத்தும் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவன் இருமினால் எனக்குக் கேட்கும். நான் யாரையாவது ஏசினால் அவனுக்குக் கேட்கும். ஏசுவது என் பழக்கம், மழைக்காலத்தில் கொஞ்சம் கூடுதலாக ஏசுவேன்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு அது. கடைக்காரர்கள் சிங்கப்பூருக்குப் பறந்து சாமான் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். மர்ஸூக்கின் மச்சான் அலவியும் அப்படித்தான். சேலை, கைக்கடிகாரம், ரேடியோ என்று அள்ளிக்கொண்டு வருவார். அப்படி வந்த ஒரு ரேடியோவில் எப்.எம். என்று ஒரு பகுதி இருந்தது. எங்கள் மலைக்கு அதில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வராது. சும்மா கிடப்பானேன் என்று மர்ஸூக் அதன் உள்ளே இருந்த கம்பிச் சுருளைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தான். ஒரு நாள் அதற்குள்ளிருந்து ஒரு விமானி பேசினான்.

சிங்கப்பூர் விமானம் கிழக்குக் கடலைத் தாண்டி எங்கள் தலைக்கு மேலால்தான் கொழும்புக்குப் போகும். விமானி பேசுவது கேட்கும், கொழும்பில் கீழே இருக்கிறவன் பேசுவது கேட்காது. நுவரெலியா மலைகள் குறுக்கே நிற்கின்றன. ஆனால் கீழே இருக்கிறவன் சொல்வதை மேலே இருக்கிறவன் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டுமாம், அது அவர்கள் சட்டம். அதனால் பாதிப் பேச்சை வைத்தே முழுப் பேச்சையும் விளங்கிக்கொள்ளலாம் என்று மர்ஸூக் பெருமையடிப்பான். படிக்கிற காலத்தில் படிக்காமல் இப்போது இங்கிலீஷ் படிக்கிறாயா என்று நான் சீண்டுவேன். வயதில் மூத்தவன் என்பதால் அவனுக்கு நான் நாநா.

அலவி திரும்பி வரும் நாட்களில் அவர் மனைவி றஷீனா, மர்ஸூக்கின் அக்கா, வந்து தம்பியின் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. விமானியின் குரலைக் கேட்டால் போதும். விமானம் மேற்கு மலைகளைக் கடந்து தாழ்ந்ததும் குரல் அறுந்துபோகும். "சத்தம் நின்டா மச்சான் எறங்கிட்டாருண்டு நெனச்சுக்கோங்க, ராத்தா" என்று மர்ஸூக் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். அது ஒரு முறையும் பிழையானதில்லை. சத்தம் நின்றதும் அவள் கடை கடையாக வாழைப்பழம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுவாள். பயம் பிடித்தவள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. சிங்கப்பூர்ப் பயணம் இதுதான் கடைசி என்று புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அலவி திரும்பி வரும் அன்று கார்த்திகை மழை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதே ஊர் இருட்டிக்கிடந்தது. எதிர்க்கடைக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் முகில். தைக்க வெளிச்சம் போதாமல் நான் மர்ஸூக்கின் கடையில் போய் நின்றேன், றஷீனா ஸ்டூலில் இருந்தாள். விமானியின் குரல் வந்தது. மர்ஸூக் காதைப் பெட்டியோடு வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"கொழும்புக்கு இன்னம் முப்பது மைல்தானாம், ராத்தா. ஐயாயிரம் அடிக்கு எறங்குறாங்க."

"இன்டக்கி சுணங்கல்ல. நல்லம்" என்றாள் றஷீனா.

அப்போது கூரைத் தகரம் அதிர்ந்தது. மழைச் சத்தத்தை அமுக்கிக்கொண்டு ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேலால் போனது. இவ்வளவு தாழ்வாக ஒரு விமானமும் போய் நான் கேட்டதில்லை. "எந்தக் கழுதை இது" என்று ஏசினேன். மர்ஸூக் பெட்டியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தான்.

"நாநா, இவன் கொழும்புக்குக் கிட்ட இல்ல. இங்கதான் ஈக்கிறான்."

"அது வேற ப்ளேனா ஈக்கும்."

"இல்ல. கொழும்புக்குக் கிட்டப் போனா கொரல் கரகரண்டுதான் கேக்கும். இது கடைக்குள்ள நின்டு பேசுற மாதிரி கேக்குது. காத்து எதிர்த்து அடிச்சீக்கும், இவன் மலையத் தாண்டிட்டேண்டு நெனச்சிட்டான். அவன் இங்க ஈக்கிறேண்டு செல்றத நம்பித்தான் கீழ உள்ளவன் எறங்கச் செல்றான். நுவரெலியா டவுனே ஆறாயிரம் அடிக்கு மேல, நாநா."

நான் அவன் தோளைப் பிடித்தேன். "அப்ப அவனுக்குச் செல்லேன்."

"இதுல பேச ஏலா. கேக்க மட்டும்தான் ஏலும்."

ஓடினோம். குடை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. தபால் கந்தோரில் ட்ரங்க் கோல் இணைக்கும் பெண்ணிடம் மர்ஸூக் சிங்களத்தில் சொன்னான், பாதி சொல், பாதி மூச்சு. பைத்தியக்காரன் என்று துரத்தியிருக்கலாம். அந்தப் பிள்ளை துரத்தவில்லை. யாரோ ஒரு தோட்டத்துத் துரை பேசிக்கொண்டிருந்த இணைப்பை அறுத்துவிட்டுக் கண்டியைக் கூப்பிட்டாள். கண்டி கொழும்பைக் கூப்பிட்டது. கொழும்பு விமான நிலையத்தைக் கூப்பிட்டது. ஒவ்வொரு இடத்திலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் வாழ்நாளில் ஏசிய ஏச்செல்லாம் அந்த நேரத்தில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை, யா அல்லாஹ் என்பதைத் தவிர.

கடைசியில் மர்ஸூக் இங்கிலீஷில் பேசினான். தட்டுத்தடுமாறித்தான் பேசினான், ஆனால் முழுவதும் சொல்லி முடித்தான். பிறகு வெகுநேரம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். அதை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"என்ன சென்னான்?"

"எங்கேருந்து பேசுறேண்டு கேட்டான். பதுளைண்டு சென்னேன். ஒடனே அங்க யாருக்கோ கத்திச் சென்னான்." மர்ஸூக் முகத்தைத் துடைத்தான். "அவங்க கூப்பிட்டுக்கிட்டே ஈக்கிறாங்களாம், நாநா. ப்ளேன்லேருந்து பதில் இல்லையாம்."

அந்தப் பெண் எழுந்து வந்து எங்களுக்குத் தண்ணீர் தந்தாள். காசு கேட்கவில்லை.

திரும்பி வரும்போது நாங்கள் ஓடவில்லை. ஓடி என்ன செய்ய? எவ்வளவு மெதுவாக நடந்தாலும் பஸார் வீதி அன்று குட்டையாகிவிட்டது. றஷீனாவிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று என் மனம் அடித்துக்கொண்டது. மர்ஸூக் அழவில்லை. தெருவில் அவன் இதை மட்டும் சொன்னான்.

"அவன் ப்ளேன ஒருக்கா மேல தூக்கினா போதும், நாநா. எங்கட கடைக்கு மேல நின்டான். கத்தினாக் கேக்குற தூரம்."

கடை வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நகைக்கடைக்காரர் நின்றார், பேக்கரியிலிருந்து இரண்டு பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் வாழைப்பழம். றஷீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றாள். முகம் மலர்ந்திருந்தது. ரேடியோ அணைந்திருந்தது.

"எங்க போன ரெண்டு பேரும், இப்பிடி நனஞ்சிக்கிட்டு? கொரல் சட்டுண்டு நின்டுச்சு, தம்பி. பெட்டரி வீணாப் போகும்டு நான்தான் மூடினேன்." பழத்தை அவன் கையில் திணிக்க வந்தாள். "எறங்கிட்டாரு. இன்டக்கி வெள்ளனயே எறங்கிட்டாரு."

மர்ஸூக் பழத்தை வாங்கவில்லை. அவள் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தான். அவள் காலடியில் ஈரத்தோடு குந்தினான்.

"ராத்தா, சத்தம் நின்டா எறங்கிட்டாருண்டு ஒங்களுக்கு யாரு செல்லித்தந்த?"

"நீதான்."

"நான் செல்லித்தந்தது பிழை, ராத்தா."

வாசலில் நின்றவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். றஷீனா என்னைப் பார்த்தாள். தம்பி விளையாடுகிறான், நான் அவனை இரண்டு ஏச்சு ஏசுவேன் என்று எதிர்பார்த்து என் வாயையே பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.