திருவக்கரைக்குப் போன வேன்

ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு கோதண்டபாணி வேன் அனுப்பினான். மாதா கோயில் தெருவிலிருந்து ஒன்பது பேர் ஏறினார்கள். வேணியும் ஏறினாள். ஏறாமல் இருக்க முடியாது. அவள் பஞ்சாயத்தில் குப்பை வண்டி தள்ளுகிறவள். தலைவர், கோதண்டபாணியின் அக்கா புருஷன். கோதண்டபாணி வார்டு உறுப்பினருக்கு நிற்கிறான். எதிர்த்து நிற்பது வேணியின் தம்பி சகாயராஜ்.

வக்கிரகாளியம்மன் முன்னால் ஒவ்வொருவராகக் கோதண்டபாணிக்கே ஓட்டு என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

திரும்பும்போது பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் இடித்தாள். “ஏன்டி, கூடப் பொறந்தவனுக்கு எதிராவா சத்தியம் பண்ணிக்கினு வர்ற?”

“ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறவ நானு. இந்தம்மா என்னை என்னா பண்ணும்? சத்தியம் அவனுக்கு, ஓட்டு தம்பிக்கு.”

“பாத்துடி. நீ எந்தச் சாமி கும்புடறன்னு அதுக்கு யாரு போயி சொல்றது?”

ஓட்டுப்பதிவு அன்று காலையில் மகள் மலர்விழிக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான். வாக்குச்சாவடியின் அட்டைத் தடுப்புக்குள் தனியாக நின்றபோது அது சாதாரணமாகத் தெரியவில்லை. தம்பியின் சின்னம் வரை முத்திரையைக் கொண்டுபோன வேணி, கோதண்டபாணியின் சின்னத்தில் குத்திவிட்டு வெளியே வந்தாள்.

காய்ச்சல் மறுநாளே விட்டது. மாத்திரை போட்டிருந்தது.

வல்லம் ஒன்றிய அலுவலகத்தில் எண்ணினார்கள். கோதண்டபாணி பதினோரு ஓட்டில் ஜெயித்தான். தலைவர் பதவிக்கும் மறுபடி அவன் அக்கா புருஷன்தான்.

திங்கட்கிழமை வேணி வேலைக்குப் போனபோது புனிதா என்ற புது ஆள் அவளுடைய குப்பை வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோதண்டபாணி பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“அய்யா, நான் உங்களுக்குத்தான் குத்தினேன்.”

“தம்பி நிக்கிறான், அக்காக்காரி எனக்குக் குத்துனாளாம். கேக்கறவன் கேனையன்னா எரும ஏரோப்ளேன் ஓட்டும்.”

“கற்பூரம் அணைச்சேனே அய்யா.”

“உங்களுக்கு அம்மனாவது ஒண்ணாவது. போம்மா, பேஜாரு பண்ணாத.”

தனியாகப் போட்ட ஓட்டுக்குச் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? கையுறையையும் பச்சை மேல்சட்டையையும் புனிதாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் சகாயராஜ் ஒரு பை மீனோடு வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“எனக்குப் போட்டதுக்குத்தானே உன் வேலையத் தூக்குனானுங்க. தெருவே மாத்திக் குத்துச்சு. நீ ஒருத்திதான்க்கா…” அழுதான்.

வேணி பையை வாங்கினாள். அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு மீனின் செதிலை முழுசாகச் சீவி முடித்தாள்.

“அழுவாதடா” என்றாள். “போயி மொளகாத்தூள் வாங்கினு வா.”