இரண்டரை அங்குலம்

பின்பனிக் காலத்தின் கடைசி நாட்கள் அவை. பொழுது ஏறிய பின்னும் பனி விலகாத தெருக்களில் மரங்கள் தம் இலைகளை ஒவ்வொன்றாக, ஒப்படைப்பவை போல, உதிர்த்துக்கொண்டிருந்தன. ஒலிகள் குன்றியிருந்தன, நாய்கூட அளந்தே குரைத்தது. கொடுத்தவற்றையெல்லாம் இறைவன் மெல்லத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பருவம் அது. இழப்பவர் அறியாதவாறு அவன் வாங்கிக்கொள்வது கருணையா, கள்ளமா என்று அடியவர்களும் துணிந்து சொல்லாத பருவம்.

அத்தகைய காலையொன்றில் தையற்காரரும் அவர் மனைவியும் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், எலும்புப் பரிசோதனையின் முடிவுத்தாளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். ஒரு மாதமாக அவளுக்கு முதுகுவலி. தாளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று பட்டைகள். முதுகெலும்பின் அடர்த்தியைக் குறிக்கும் புள்ளி பச்சையில் நின்றது. மைனஸ் பூஜ்யம் புள்ளி எட்டு. மைனஸ் ஒன்றுக்குக் கீழே இறங்கினால்தான் கவலை என்று படமெடுத்த பெண் முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

"பச்சைன்னா பாஸுங்க. நாப்பது வருஷமா உங்க மிஷின் சத்தத்தைக் கேட்டு உரமேறின எலும்பு," என்றாள் அவள்.

"அப்போ என்னத்துக்கு டாக்டரைப் பாக்கச் சொல்லி எழுதியிருக்கு?"

"உங்களைப் பாக்கணும்னு இருக்கும். அந்தம்மாவுக்கு ஒரு கோட்டு தைக்கணுமோ என்னமோ!"

செவிலி அழைத்து உள்ளே நிறுத்தி, "உயரம் எவ்வளவும்மா?" என்றாள். மனைவி வாய் திறக்குமுன் தையற்காரர் சொன்னார்: "அறுபத்திரண்டு அங்குலம்." திருமணமான வாரத்தில் தம் கையாலேயே எடுத்த அளவு. இடுப்பளவும் தோளளவும் காலத்தோடு மாறியதுண்டு. உயரம் மாறுமா என்ன?

செவிலி அவளைச் சுவரோரக் கோலில் நிறுத்திப் பார்த்தாள். "அம்பத்தொம்பதரை."

"உங்க கோல் தப்பும்மா," என்றார் அவர். சட்டைப்பையிலிருந்து தம் நாடாவை உருவினார். அதன் நுனியை அவள் குதிகாலருகே தரையில் வைத்து, சுவரோடு மேலேற்றி, உச்சந்தலையில் விரலை ஊன்றினார். ஐம்பத்தொன்பதரை. மறுபடியும் அளந்தார். நாடா பொய் சொல்லாது என்று வாடிக்கையாளர்களிடம் வாழ்நாளெல்லாம் வாதிட்ட வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

ஏழு ஆண்டுகளாக அவள் பாவாடைகள் தரையில் புரள்வதை அவர் கண்டிருந்தார். கண் மங்கிற்று, கை தளர்ந்தது, அதனால்தான் நீளமாக வெட்டிவிடுகிறோம் என்று தம்மையே நொந்துகொண்டார். அவள் வெளியே போயிருக்கும் வேளைகளில் எடுத்து, ஓரத்தைக் கால் அங்குலம் மடித்துத் தைத்து, மடித்தது தெரியாதபடி திரும்ப வைத்துவிடுவார். அடுத்த ஆண்டு இன்னொரு கால் அங்குலம்.

"பாவாடை..." என்று தொடங்கினார்.

"தெரியும்," என்றாள் அவள், சுவரைவிட்டு நகராமலே. "உங்களுக்குக் கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சேன். சொன்னா ஒடைஞ்சு போயிடுவீங்கன்னு, நீளமா இருந்ததையெல்லாம் நானே இடுப்புல சுருட்டிக் கட்டிக்கிட்டேன்."

உள்ளறையில் மருத்துவர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். பக்கவாட்டில் எடுத்த முதுகெலும்பின் படம். கட்டைகளாக அடுக்கிய வரிசையில் மூன்று மட்டும் நசுங்கி, ஆப்புப் போல் சரிந்திருந்தன.

"மூணு எலும்பு ஒடைஞ்சு அமுங்கியிருக்கும்மா. எப்பவாவது விழுந்தீங்களா?"

"விழவேயில்லையே."

"விழாமலே ஒடையும். குனிஞ்சு ஒரு வாளி தண்ணி தூக்கினாப் போதும்."

"பச்சைன்னு போட்டிருக்கே!" தையற்காரரின் குரல் அறைக்கு வெளியேயும் கேட்டிருக்கும்.

"அந்த எண்தான் ஏமாத்திடுச்சு, ஐயா. நசுங்கின எலும்பு கொஞ்ச இடத்துல நெருங்கிக் கெடக்கு. முன்னாலேருந்து படமெடுத்தா அடர்த்தியாத்தான் தெரியும். இதைப் பாருங்க, இது எலும்போட தரம். உள்ளே வலை மாதிரி பின்னல் இருக்கும். அது எவ்வளவு கட்டா இருக்குன்னு சொல்ற எண். ஒண்ணு புள்ளி மூணுக்கு மேலே இருந்தா நல்லது. இவங்களுக்கு ஒண்ணு புள்ளி ஒண்ணுதான்."

அவருடைய விரல்கள் தாமாகவே மேசைமீது எதையோ தடவிப் பார்த்தன.

"மடிச்சு வெச்ச துணி," என்றார் தாழ்ந்த குரலில். "நாலா மடிச்சா மல்லுத்துணியும் கம்பளி மாதிரி கனக்கும். பிரிச்சு வெளிச்சத்துல பிடிச்சாத்தான் இழை விட்டது தெரியும்."

"அதேதான் ஐயா. நான்கூட இவ்வளவு தெளிவா சொன்னதில்லை."

புரிந்ததில் அவருக்கு ஆறுதல் இல்லை. "இன்னும் ஒடையுமா?"

"மருந்து இல்லேன்னா இந்த வருஷமே ஒடையலாம். ஊசியை உடனே ஆரம்பிச்சுடலாம். ஆனா இன்னையிலேருந்து பாரம் தூக்கக் கூடாது, குனியவே கூடாது."

"கும்பிடறப்போ கூடவா?" என்றாள் மனைவி.

"நின்னே கும்பிடுங்கம்மா. சாமி கோவிச்சுக்காது."

மூன்று எலும்புகள் முறிந்த செய்தியை அசையாமல் கேட்டவளின் முகம் அப்போது வெளுத்தது. பதினைந்து வயதிலிருந்து ஒரு மாலையும் தவறாமல் பதிகம் பாடி முடித்துத் தரையில் நெற்றி பதித்தவள்.

மாலையில் வீட்டில் விளக்கேற்றிப் பதிகம் பாடினாள். அவள் பாடும்போது மிதிவேகத்தைக் குறைப்பாரே தவிர, தையற்காரர் இயந்திரத்தை நிறுத்துவதில்லை. அவருக்குத் தெரிந்த பக்தி அவ்வளவே. அன்று இயந்திரம் வாய் திறக்கவேயில்லை. கடைசி அடி முடிந்து கைகள் குவிந்தன. பழகிய உடல் தானே வளையத் தொடங்க, அவள் திடுக்கிட்டு சாமி அலமாரியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். இனி எங்கு போவதென்று அறியாமல் அப்படியே நின்றாள்.

தையற்காரர் எழுந்து வந்தார். அவள் காலருகே, அவள் வழக்கமாக விழும் இடத்திலேயே, மூட்டுகள் நெறிபட மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் பதித்தார்.

"இந்தக் கும்பிடு அவளோடது," என்றார் தரையை நோக்கி. "என்னோடதுன்னு எடுத்துக்காதே."

அவர் கண்ணருகே அவளுடைய பாவாடையின் ஓரம் அசைந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அவரே தைத்த ஏழு வரிகள்; ஒன்றுகூடக் கோணவில்லை.

அவள் கை நீண்டது. குனியாமலே அது எட்டும்படி அவர் முழந்தாளில் நிமிர்ந்து தலையை உயர்த்தினார். உள்ளங்கை அவர் உச்சியில் அமர்ந்தது.

"நல்லா இருங்க," என்றாள். "எனக்கும் சேத்து நிமிர்ந்து இருங்க."