குரங்குகளின் வரிசை

துறைத்தலைவர் விஸ்வேஸ்வரன் சாரின் அறைவாசலில் கிடந்த பெஞ்சில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தாள் ஸ்யாமளா. அந்த விலங்கியல் துறையில் உள்ளே போவதற்கும் வரிசை உண்டு. முதலில் ரீடர், அப்புறம் லெக்சரர், எல்லோருக்கும் பின்னால் ஆராய்ச்சி மாணவி. சார் சாயங்கால ரயிலில் கிளம்புகிறார். டெல்லி மாநாட்டில் அவர் படிக்கப்போகும் கட்டுரை தப்பு. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

குரங்குக் கூட்டத்தில் அந்தஸ்து குறையக் குறைய, ரத்தத்தில் கார்ட்டிசால் என்கிற பதற்ற ஹார்மோன் ஏறுகிறது என்பது கட்டுரை. கூண்டில் அடைத்த அழகர்மலைக் குரங்குகளிடம் கடியும் கீறலும் வாங்கி அவள் சேர்த்த கணக்கு. அவளுடைய டாக்டர் பட்டமும் அதை நம்பித்தான் இருந்தது.

ரத்தம் எடுக்கும் முறையைச் சொன்னவர் சார்தான். "கோயில்ல பரிவட்டம் கட்டற மாதிரி, தலைவன்லேர்ந்து ஆரம்பிம்மா" என்றார். அப்படியே செய்தாள். தலைவன் ஜமீனுக்கு முதல் ஊசி. அந்தஸ்தில் கடைசியாக, கடைசிக் கூண்டில் இருந்த சோணை, மற்றதெல்லாம் அலறுவதைக் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் பதற்றம் அந்தஸ்தால் வந்ததா, காத்திருந்த பயத்தால் வந்ததா? இது இத்தனை நாள் உறைக்கவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. சாரைக் கேட்காமல் போன மாதம் வரிசையைத் திருப்பிப் போட்டாள். இன்று காலை முடிவு வந்தது. சோணைக்கு ஒன்றுமில்லை. ஜமீனுக்குக் கார்ட்டிசால் எகிறியிருந்தது.

"என்ன ஸ்யாமளா, கை இம்புட்டு நடுங்குது?" என்றார் பக்கத்திலிருந்த லெக்சரர் நல்லகாமன்.

"ரொம்ப நேரமாக் காத்திருக்கேன் சார்."

அவர் உள்ளே போனார். சார் அவரைத் திட்டுவது வெளியே தெளிவாகக் கேட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. தலையைத் தொங்கப்போட்டபடி அவர் வெளியே வர, பியூன் சங்கிலி அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

சார் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். "சீக்கிரம் சொல்லு."

"வரிசையை மாத்தி ரத்தம் எடுத்தேன் சார். எல்லாம் தலைகீழா வந்திருக்கு. நம்ம கட்டுரை நிக்காது."

தாளை வாங்கிப் பார்த்தார். "யாரைக் கேட்டு மாத்தினே?"

"யாரையும் கேக்கலை."

பட்டம் போயிற்று என்றே நினைத்தாள். அவர் தாளை மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"இதுவரைக்கும் நமக்கு மட்டும்தான் சார்."

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். கை நடுங்கித் தண்ணீர் மேசையெல்லாம் சிந்தியது. போன மாதம் கடைசி ஊசிக்குக் காத்திருந்த ஜமீனும் இப்படித்தான் நடுங்கியது. அவளுக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அந்த அறையில் முதல் தடவையாக, கேட்காமலே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"டிக்கெட்டை ரத்து பண்ணிடலாம் சார்" என்றாள்.