நீலம் வராத கண்ணாடி

இறந்துபோன அத்தாவின் மையத்தைக் குளிப்பாட்டுமுன் இடுப்பிலிருந்து அவிழ்த்த பச்சை பெல்ட்டை நாசர் கொண்டுவந்து அம்மா தாஹிராவிடம் கொடுத்தான். அத்தாவின் உள்ளங்காலெல்லாம் கொப்புளமாக இருக்கிறதே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான். தாஹிராவுக்குத் தெரியாது. அவள் கணவர் கிதர் முகம்மது காய்ச்சலென்று மாத்திரை போட்டுக்கொண்டு சாக்ஸோடு படுத்தே கிடந்தார். இன்று விடியலில் மூச்சு நின்றுவிட்டது.

பெல்ட்டின் பையில் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு கண்ணாடிச் சில்லுகள் இருந்தன. நடுவில் கஞ்சித்தண்ணி மாதிரி ஏதோ ஒன்று. கொஞ்ச நாளாகவே மருமகள் பாஸிலாவும் அவரும் இதை வைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசுவார்கள். தாஹிராவின் தலையைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். பாஸிலா யுனிவர்சிட்டியில் என்னத்தையோ ஆராய்ச்சி பண்ணுகிறவள். மருந்தோ மந்திரமோ, மனுஷன் காலைப் பொசுக்கியிருக்கிறாள். மையத்தை வைத்துச் சந்தாக்கைத் தூக்குமுன் ஜமாஅத்தார் முன்னால் கேட்டு, இவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவதென்று தாஹிரா முடிவுகட்டினாள். நாத்தனார் ரஃபியாவிடமும் சொல்லியாயிற்று.

அதற்குமுன் இவள் வாயால் கேட்டுவிட வேண்டும். சில்லுகளைக் கையில் எடுத்துக்கொண்டு பாஸிலாவை உள்ளறைக்குக் கூப்பிட்டாள்.

“இதுல என்னத்த வச்சுக் குடுத்த?”

பாஸிலா மறைக்கவில்லை. அதுவே தாஹிராவுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. சர்க்கரையில் மாமாவுக்குப் பாதம் மரத்துவிட்டது, சூடும் குளிரும் தெரியாது, மாமியிடம் சொன்னால் ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிடுவார்களென்று பயந்தார் என்றாள். கண்ணாடிக்குள் இருப்பது அவள் ஆராய்ச்சி செய்யும் திரவம். உடம்புச் சூட்டில் அதன் உள்ளே அணுக்கூட்டமெல்லாம் சுருள் சுருளாக அடுக்கிக்கொண்டு நீலமாகத் தெரியும். பாதத்தில் வைத்துப் பார்க்கத்தான் கொடுத்தாளாம்.

“அப்ப உள்ளங்கால் எப்படிக் கொப்புளிச்சுச்சு?”

“கொப்புளமா?”

அவள் முகம் வெளுத்தது. நடிக்கிறாளோ என்று தாஹிரா கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

“நீலம் வரலன்னா கால் ஆறிக்கெடக்குன்னு சொன்னேன் மாமி. சூடு கூடுனாலும் அடுக்கு கலஞ்சு நீலம் போயிரும். அதச் சொல்லாம விட்டுட்டேன்.”

தாஹிரா பாயில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சாயங்காலமெல்லாம் பேசினில் காலை வைத்துக்கொண்டு, எதையோ பாதத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு, சூடு பத்தல, இன்னுங் கொஞ்சம் ஊத்து என்பார். அடுப்பிலிருந்து வெந்நி இறக்கி ஊற்றியது அவள்தான். கை பொறுக்காத சூடு. இதை எப்படித் தாங்குகிறார் என்று ஒருநாளும் அவள் கேட்கவில்லை.

ரஃபியா கதவருகே வந்தாள்.

“மதினி, எடுக்கப் போறாக. கேக்கணும்னீங்களே?”

பாஸிலா தலைகுனிந்து நின்றாள்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் தாஹிரா. “நீ போ, நாங்க வாரோம்.”

மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மறுகையை விரித்தபோது கண்ணாடி முழுக்க நீலமாகியிருந்தது.