பிரிண்டர் கையேட்டுக்குள் ஒரு கதை

1.
இந்தக் கதை பயத்தில் பிறந்தது. கணினியில் இடம் காலி செய்வது என் மகளுக்குப் பொழுதுபோக்கு. என் மூன்று கதைகளைத் திறந்துகூடப் பார்க்காமல் துடைத்துவிட்டாள். நான்காவதான இதை எங்கே ஒளிப்பது?

2.
(முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு' – வேண்டாம். வெயில்தான் அடித்தது.)

இணையம் அறுந்த ஒரு பகல். பிரவுசரில் எதையோ தட்டப்போய், கணினி தன் வயிற்றையே பக்கம் பக்கமாகத் திறந்து காட்டியது. உள்ளே நிறுவிய ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கையேடு. மொத்தம் ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் படித்தேன். (நம்புங்கள். கடைசி நூறை நின்றுகொண்டே படித்தேன்.) இந்தப் பக்கம் ஈ, காக்கை வராது என்று தெரிந்தது. பிரிண்டர் மென்பொருளின் கையேட்டுக்குள் கதையைச் செருகினேன். ஒரே பிரதி. மீதியையும் இதற்குள்ளேயே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

3.
மகள் என்ற பாத்திரம் இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பாத்திரமே அறைக்குள் வந்தது.

"அப்பா, பிரிண்டர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதோட சாப்ட்வேரையும் எடுத்துடறேன்."

"அது பாட்டுக்குக் கிடக்கட்டுமேம்மா. சோறா கேக்குது?"

"இடம் கேக்குதே! குளிச்சிட்டு வந்து எடுக்கறேன்."

மென்பொருள் போனால் கையேடும் கூடவே போகும். இது என் மரமண்டையில் அப்போதுதான் உறைத்தது.

"உடனே எடுத்துடுவியா?"

"கையேட்ட கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டுத்தான் எடுப்பேன். ஆபீஸ் பழக்கம்."

என் மூன்று கதைகளுக்குக் கிடைக்காத மரியாதை, செத்த பிரிண்டருக்கு!

4.
குளியலறையில் தண்ணீர் ஓடுகிறது. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

முடிவு அ: கதையை வேறிடம் மாற்றுகிறேன். பிழைக்கிறது. அவள் கண்ணில் மட்டும் படாமல்

(இல்லை.)

முடிவு ஆ: இங்கேயே விடுகிறேன். படிக்கிறாள். சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே அழிக்கிறாள். அவளால் முடியும்; என் மகள்தானே.

நேரம் இருக்கிறது. ஒரு நிமிட வேலைதான். விரல் இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டது.

5.
தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. மாற்றவில்லை.

வாசகரே, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். ஈரத்தலையோடு ஒருத்தி வருகிறாள்.

வாம்மா. பிரிண்டரைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. கடைசி வரி இதுதான். இனி உன் பாடு.