வெந்நீர்க் கறை

மூட்டையை அவிழ்த்த சலவை சிஸ்டரின் கை வெடுக்கென்று பின்வாங்கியது. விரிப்பு சூடாக இருந்தது.

ஈரமாக இருப்பது புதிதல்ல. மாடி நோயறையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மூத்த சிஸ்டரின் விரிப்பு பாதி நாள் ஈரமாகத்தான் கீழே வரும். மருந்து சிஸ்டர் ஒரு அலசு அலசி அனுப்புகிறார் போலிருக்கிறது, நல்ல மனுஷி என்று அவள் நினைத்துக்கொள்வாள். காலைச் சாப்பாடு முடிந்து சலவை அறைக்கு வருவதற்குள் மூட்டை ஜில்லென்று ஆறிப்போயிருக்கும். இன்றைக்குச் சாப்பிடாமலேயே வந்துவிட்டாள். காரணம் இருந்தது. பத்து மணிக்கு அண்ணன் வருகிறான். பெட்டி கட்டியாகிவிட்டது. இந்தக் கன்னியர் மடத்தில் அவளுடைய கடைசிச் சலவை இது.

ஆனால், வெந்நீர்! எவர் செய்த வேலை இது? மலமோ இரத்தமோ பட்ட துணியைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் போச்சு, கறை நூலுக்குள் இறங்கிக் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். பிறகு எந்தச் சோப்புக்கும் காலி செய்யாது.

அப்படியானால் அந்த மஞ்சள் கறை?

அதனால்தான் இந்தப் பெட்டியே கட்டினாள். போன மாதம் சாப்பாட்டு அறையில் அத்தனை பேர் முன்னாலும் மடத்துத் தலைவியான மதர் மஞ்சள் கறை படிந்த ஒரு விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஒரு வாரம் பளிச்சுனு வருது, ஒரு வாரம் இப்படி வருது. மனசு வந்தாத்தான் சோப்பு போடுவியாம்மா?" நாலைந்து பேர் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தர அனுப்புவார்கள், பிள்ளைகள் காலைச் சுற்றும் என்று கனவோடு வந்தவளைச் சலவைக்குத் தள்ளியபோதுகூட மென்று விழுங்கிவிட்டாள். அந்த ஜன்னல் வெளிச்சத்தைத்தான் விழுங்க முடியவில்லை. துவைத்தது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, துவைக்காமல் விட்டது மட்டும் ஊருக்கே தெரிகிறது. அண்ணனைப் போனில் கூப்பிட்டு, "வந்து கூட்டிட்டுப் போயிடு" என்றாள். ஏன் எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

போவதுதான் போகிறோம், பழியைக் கழற்றி உரியவர் கழுத்தில் மாட்டிவிட்டுப் போகலாமே! இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி ஏறினாள்.

மருந்து சிஸ்டர் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். "வெந்நீரா? நான் எங்கடி தொட்டேன்? முடிச்சப் போட்டு வாசல்ல வெக்கிறதோட சரி. நீதான் வந்து எடுத்துட்டுப் போறேன்னு நெனச்சேன்."

"கீழ சலவை ரூம் கூடையில இல்லாத நாள்தானே நான் மேல வந்து எடுக்கறேன்! மத்த நாள் மூட்டை கீழ எப்படி வருது?"

"காலு மொளச்சு நடந்து வருதோ என்னவோ. பெரியவங்களுக்கு இன்னிக்கு வயிறு சரியில்ல, இதோ இன்னொண்ணு. வேணும்னா நின்னு பாரு, எப்படி நடக்குதுன்னு."

நின்று பார்த்தாள். கம்பளி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், மூச்சைக் கட்டிக்கொண்டு. வாசலில் மூட்டை. தாழ்வாரத்தில் ஒருவருமில்லை. அடுத்த கதவு குளியலறை, இந்த மாடியில் ஹீட்டர் இருக்கும் ஒரே இடம். யாராக இருக்கும்? சமையல் சிஸ்டரா? அவருக்கு முட்டிவலி, படி ஏறமாட்டார். மணி அடிக்கிறவரா? அவர் தன் கைக்குட்டையையே துவைக்காமல் இவளிடம் தள்ளிவிடும் ஆள்.

செருப்பில்லாத காலடி. ஒரு கை மூட்டையை அள்ளிக்கொண்டு குளியலறைக்குள் மறைந்தது. அங்கியின் கை மடிப்பு கத்தி முனைபோல் இருந்தது. அந்த மடிப்பு அவளுக்குத் தெரியும். முந்தாநாள் அவளே இஸ்திரி போட்டது.

மேடை சிஸ்டர்!

மடத்துக்கே பெருமை அவர். தாழ்மையைப் பற்றி அவர் பேசினால் கூரை அதிரக் கைதட்டுவார்கள். பாதி மாதம் வெளியூர். கை நனையாத மகராசி என்று அவரை மனத்துக்குள் எத்தனை முறை திட்டியிருக்கிறாள்! அவர் வெளியூர் போகும் வாரமெல்லாம் விரிப்பு பளிச்சென்று வந்ததை எண்ணிப் பார்த்தபோது சிரிப்பதா கோபப்படுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

கதவைத் தள்ளினாள். மூக்கில் கைக்குட்டை கட்டி, அங்கிக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, வாளியின் முன் குந்தியிருந்தார் மேடை சிஸ்டர். குமட்டலில் கண்ணில் நீர் கட்டியிருந்தது. வாளியில் ஆவி பறந்தது.

"கதவச் சாத்தும்மா. மொதல்ல கதவச் சாத்து."

"ஏன் சிஸ்டர் வெந்நீர் ஊத்துறீங்க?"

"கிருமி சாகட்டும்னுதான். ஏன்?"

"கிருமியும் சாகுது, நானும் சாகறேன்!" படபடவென்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கறை, ஜன்னல், பெட்டி, பத்து மணி.

மேடை சிஸ்டர் கைக்குட்டையை அவிழ்த்தார். "அன்னிக்கு மதர் காட்டினாங்களே, அது..."

"உங்க கைவேலதான்."

"நானும் சிரிச்சேனே." ஆயிரம் பேர் முன்னால் ஒரு சொல்கூடத் தடுமாறாதவர் தடுமாறினார். "நான் வாயத் தொறந்தா கைதட்டுறாங்க. ஜெபம் பண்ணக் கண்ண மூடினா அதையும் போட்டோ எடுக்கறாங்க. என் கூலி அங்கேயே, அப்பவே வந்துடுது. ஆண்டவருக்குன்னு குடுக்க எங்கிட்ட மிச்சம் ஒண்ணுமில்ல. இது ஒண்ணுதான். இதுவும் உன் பங்குலேருந்து திருடினது. ஒழுங்காத் திருடவும் தெரியல பாரு." எழுந்தார். "வா, மதர்கிட்ட நானே சொல்லிடறேன்."

இதற்காகத்தானே மாடி ஏறினாள்? ஆனால் கால் நகரவில்லை. மதருக்குத் தெரிந்தால் மடத்துக்குத் தெரியும். மடத்துக்குத் தெரிந்தால் அடுத்த மேடையில் யாராவது இதையும் சொல்வார்கள். இதற்கும் கைதட்டுவார்கள். இவரிடம் அப்புறம் என்ன இருக்கும்?

இத்தனை நாள் தன் கையில் கிடந்து, வேண்டாம் என்று தான் தூக்கி எறியப் போகிற இந்த வேலையை, எல்லாம் உள்ள ஒருத்தி வந்து திருடுகிறாள் என்றால்...

"இத அலசும்போது என்ன தெரியுது சிஸ்டர் உங்களுக்கு?"

"நாத்தம் தெரியுது."

"வேற?"

"வேற ஒண்ணும் தெரியல. தெரிஞ்சிடும்னுதான் திரும்பத் திரும்ப வர்றேன்."

கீழேயிருந்து குரல் வந்தது. "சலவை! உங்க அண்ணன் வந்துட்டாரு!"



"மதர்கிட்ட..." என்று ஆரம்பித்தார் மேடை சிஸ்டர்.

"இருங்க. மொதல்ல இது." வாளியைக் கவிழ்த்துவிட்டு, பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். அலசினார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். சொட்டுகூட விழவில்லை. விரிப்பு இறுகாமல் கயிறுபோலச் சும்மா சுற்றியது. இருவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க இடது கையா சிஸ்டர்?"

"ஆமா. நான் மாத்திக்கவா?"

"வேணாம், நான் மாத்திக்கறேன்."

இரண்டு பேருமே மாற்றினார்கள். விரிப்பு இப்போது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

"சலவை! காதுல விழுதா?"

"வர்றேன்! கை ஈரமா இருக்கு!" என்று கத்தினாள் அவள், முனையை விடாமல்.